சாவியும் வெயிலும்: புதுக்கோட்டைக் குன்றுகளில் இரண்டு நாள் நடை

நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம். நான்கும் புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. தூரத்துக்குள் இருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். பலரும் அப்படித்தான் கிளம்புகிறார்கள். மதியம் ஒரு மணிக்குச் சுடுபாறையில் நின்றுகொண்டு பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தப் பகுதியில் எதை முதலில் பார்ப்பது என்பதைத் தூரம் முடிவு செய்வதில்லை. சாவி யாரிடம், எந்நேரம் இருக்கிறது என்பதும், பாறை எப்போது சுடத் தொடங்குகிறது என்பதும்தான் முடிவு செய்கின்றன. கீழே உள்ள வரிசை அந்த இரண்டையும் வைத்துப் போட்டது. வரலாறு வேண்டுபவர்கள் வேறிடத்தில் படித்துக்கொள்ளலாம். இங்கே போய்ப் பார்த்து வரும் வழி மட்டும்.

1. மாதத்தையும் கிழமையையும் முடிவு செய்யுங்கள்

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது குன்றுகள் பார்க்க அழகாக இருக்கும், சுனைகள் நிரம்பியிருக்கும். ஆனால் ஈரப்பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாசி படிந்திருக்கும். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் ஏற்றத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை காலை 9 மணிக்கு மேல் மொட்டைப் பாறையில் நிற்கவே முடியாது.

கிழமையில் ஒரு கண்ணி உண்டு. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். கீழே சொல்லும் திட்டத்தில் முதல் நாள் நடுப்பகல் அங்கேதான் கழிகிறது. ஆகவே முதல் நாள் வெள்ளியாக இருக்கக் கூடாது.

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. அந்த நாட்களில் ஊருக்குள் வண்டி நுழைவதே பெரும்பாடு. திருவிழா பார்க்க வருவதானால் அதற்கென்று வாருங்கள், மலை ஏறுவதை அதோடு சேர்க்காதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

தங்கும் விடுதியில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் அசல் அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று வந்து கவுன்டரில் நிற்க வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கடவுச்சீட்டின் நகலையும் விசாவின் நகலையும் இரண்டிரண்டாக எடுத்து வாருங்கள். விடுதிக்காரர் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். சிறிய விடுதிகள் அந்த வேலைக்குப் பயந்தே "ரூம் இல்லை" என்று சொல்லிவிடும். முன்பதிவு செய்யும்போதே வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொல்லியல் துறைச் சீட்டுக்கும் அடையாளம் உதவும். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் இந்தியருக்கான கட்டணமே கட்டினால் போதும். கவுன்டரில் இருப்பவர் வெளிநாட்டவர் என்று பெரிய சீட்டைக் கிழிக்கும் முன் கடவுச்சீட்டைக் காட்டிவிடுங்கள். ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்களுக்கும் இந்தியக் கட்டணம்தான், ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஓ.சி.ஐ. இல்லாமல் வந்தால் வெளிநாட்டவர் கட்டணம்தான். தமிழில் பேசினால் குறையாது.

கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி தேவையில்லை. முக்காலி, விளக்கு, திருமணப் படப்பிடிப்பு என்றால் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்க வேண்டும். வாசலில் நின்று காவலரிடம் கெஞ்சிப் பயனில்லை, அது அவர் அதிகாரத்தில் இல்லை. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

3. செலவைக் கணக்குப் போடுங்கள்

சீட்டு வாங்க வேண்டிய தொல்லியல் துறை இடங்கள் நான்கு: சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயில், அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகை, திருமயம் கோட்டை, கொடும்பாளூர் மூவர் கோயில். 2018-இல் திருத்திய விகிதப்படி இந்தியருக்கு ஒவ்வோரிடத்திலும் ரொக்கமாக 25 ரூபாய், இணையத்தில் அல்லது க்யூஆர் வழியாக 20 ரூபாய். வெளிநாட்டவருக்கு 300, இணையத்தில் 250. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறும் இடம் சித்தன்னவாசல்தான். ஒரே குன்றாக இருந்தாலும் அறிவர் கோயிலுக்கு எடுத்த சீட்டு ஏழடிப்பட்டத்துக்குச் செல்லாது. இரண்டும் தனித்தனி. அடிவாரத்தில் சிக்னல் விளையாட்டுக் காட்டும் என்பதால் சீட்டைப் புதுக்கோட்டையிலேயே எடுத்துத் திரைப்பிடிப்பு செய்துகொள்ளுங்கள். சில்லறையாக 200 ரூபாயும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நார்த்தாமலை மேலமலைக் கோயிலுக்குச் சீட்டு இல்லை. பூட்டைத் திறந்து காட்டும் காவலருக்குக் கட்டணம் என்று எதுவும் கிடையாது. கொடுப்பது உங்கள் விருப்பம்.

பெரிய செலவு வண்டிதான். திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ கார் எடுத்தால் வெளியூர்ப் பயணக் கணக்கில் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ. என்று போடும் நிறுவனங்கள் பல. இந்தத் திட்டத்தில் நீங்கள் ஒரு நாளில் அதில் பாதி கூட ஓடப் போவதில்லை. ஓடாத தூரத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, புதுக்கோட்டை வரை பேருந்திலோ ரயிலிலோ வந்து, அங்கே உள்ளூர் வண்டியை மணிக்கணக்கில் பேசுவது மேல். பேசும்போது காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசு உண்டா, ஓட்டுநர் பேட்டா சேர்த்தா, காலை ஐந்தரைக்கு வருவாரா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

பேருந்திலேயே சுற்ற முடியுமா? முடியும், ஆனால் இரண்டு நாள் மூன்றாகும். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு விடியல் பயணத் திட்டத்தில் கட்டணம் இல்லை என்பது ஒரு லாபம். மாலை கடைசிப் பேருந்து எப்போது என்று போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது கேட்கப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

4. முதல் நாள் விடியல்: நார்த்தாமலை

தங்குவது புதுக்கோட்டை நகரத்தில். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் திருச்சி சாலையில் வந்து மேற்கே பிரிந்து ஆறு, ஆறேகாலுக்கு ஊரில் இருக்கலாம். பேருந்தில் வருபவர்கள் நார்த்தாமலைப் பிரிவில் நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள். விரைவுப் பேருந்துகள் நிற்காமல் கீரனூருக்கோ புதுக்கோட்டைக்கோ கொண்டுபோய் விட்டுவிடும். திருச்சியிலிருந்து வருவதானால், 2025-இல் பஞ்சப்பூர் நிலையம் திறந்த பிறகு பழைய நினைவில் மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்காமல், வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று முந்தின நாளே விசாரியுங்கள்.

நார்த்தாமலை என்பது ஒற்றை மலை அல்ல. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை என்று ஒன்பது குன்றுகள். ஊரில் "மலைக்கு எப்படிப் போவது" என்று கேட்டால் எதையாவது காட்டிவிடுவார்கள். "மேலமலை, விஜயாலய சோழீச்சரம்" என்றே கேளுங்கள்.

ஏற்றம் கடினமில்லை. படிக்கட்டு கிடையாது, சரிவான பாறையிலேயே நடக்க வேண்டும். நிதானமாகப் போனால் அரை மணி. கால் வைக்கும் இடம் சொரசொரப்பாக இருக்கும்வரை கவலை இல்லை. கறுத்து வழவழவென்று தெரியும் பட்டைகள் மழைநீர் வழியும் தடங்கள், அவற்றைக் குறுக்கே மிதிக்காமல் சுற்றிப் போங்கள். இறங்கும்போது நேர்கீழாக வராமல் வளைந்து வளைந்து வாருங்கள். ரப்பர் செருப்பு கூடாது, பிடிப்புள்ள காலணி வேண்டும். வழியில் உள்ள சுனைகளில் இறங்காதீர்கள். விளிம்பு வழுக்கும், ஆழம் தெரியாது. இந்தப் பகுதியில் கல் வெட்டிய பள்ளங்களில் தேங்கிய நீருக்கும் இதே எச்சரிக்கை.

மேலே பார்க்க வேண்டியவை மூன்று. நடுவில் மேற்கு பார்த்த விஜயாலய சோழீச்சரம், அதன் கருவறை உள்ளே வட்டமாக இருக்கும். சுற்றிலும் எட்டாக இருந்த சிறு கோயில்களில் நிற்பவை ஆறு. எதிரே பாறையில் குடைந்த இரு குடைவரைகள். பெரியதான சமணர் குடகின் உள்ளே, ஆள் உயரத் திருமால் உருவங்கள் 12 சுவரில் வரிசையாக நிற்கும். அதற்கு முன்னுள்ள மேடையின் அடிப்பகுதியில் ஓடும் யானை, யாளி வரிசையைப் பலர் மிதித்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். குனிந்து பாருங்கள். சிறியது பழியிலி ஈச்சரம்.

இங்கேதான் சாவிச் சிக்கல். மலைக்குக் கதவு இல்லை, விடியலிலேயே ஏறலாம். கருவறைக்குப் பூட்டு உண்டு. காவலர் வருவது அலுவலக நேரத்தை ஒட்டி. ஆகவே ஆறரைக்கு மேலே வந்துவிட்டு ஏழரைக்கு இறங்கிவிட்டால் உள்ளே பார்க்காமலே போவீர்கள். ஒன்பதுக்கு ஏறினால் உள்ளே பார்ப்பீர்கள், ஆனால் கால் பொரியும். சரியான வழி, விடியலில் ஏறி, வெளிப்புறத்தையும் குடைவரைகளையும் நிதானமாகப் பார்த்து, நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, காவலருக்காகக் காத்திருப்பது. இறங்கும்போது வெயில் வந்திருக்கும், ஆனால் இறக்கம்தானே.

காலணி கழற்ற வேண்டிய இடங்களுக்கு ஒரு ஜோடி தடித்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இந்தக் காலுறையாக இருக்கட்டும்.

நேரம் மிஞ்சினால் கீழே கடம்பர்மலை அடிவாரத்துக் கோயிலைப் பாருங்கள். ஏற்றம் இல்லை. தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், மேலே கடை எதுவும் கிடையாது. தனியாக வருபவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஊரிலிருந்து யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்வது நல்லது. வார நாளில் மேலே உங்களைத் தவிர ஆடு மேய்ப்பவர்கூட இருக்கமாட்டார்.

5. நடுப்பகல்: கூரைக்குக் கீழே

பதினொன்றுக்கு மேல் மூன்று மணி வரை எந்தக் குன்றிலும் ஏறாதீர்கள். கோயில்களும் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிடும், நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். இந்த நேரத்துக்கென்றே வைத்தாற்போல இருப்பது திருக்கோகர்ணம் அருங்காட்சியகம். இந்த வட்டாரத்தில் கிடைத்த சிற்பங்கள், செப்புத் திருமேனிகள் அங்கே இருக்கின்றன. ஒரு மணி நேரம் போதும். சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றி அங்கே பார்த்துவிட்டுப் போனால், மங்கிய விதானத்தில் எதைத் தேடுவது என்று கண்ணுக்குப் பழகியிருக்கும். சாப்பாடு புதுக்கோட்டையில். முட்டை மாஸ் சாப்பிடாமல் இந்த ஊரை விட்டுப் போவது சரியில்லை, ஆனால் மலை ஏறும் முன் அளவோடு.

6. முதல் நாள் மாலை: சித்தன்னவாசல்

அறிவர் கோயில் குன்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது. காலையில் போனால் உள்ளே இருட்டு. பிற்பகலில் வெளிச்சம் முன்னிருந்து வரும். முன்மண்டபம் அதில் கொஞ்சத்தை மறைத்தாலும் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆகவே இரண்டே முக்கால் மணிக்கு வாசலில் இருங்கள்.

உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள், கண் பழகட்டும். பிறகு முன்பகுதி விதானத்தில் தாமரைக் குளம் மெல்ல எழும்பும்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். முன் தூண்களில் ஆடல் மகளிர், மிக மங்கலாக. காவலர் ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே விடுவார். உள்ளே ஒளிவீச்சோடு படம் எடுக்க விடமாட்டார்கள், சில நாள் எந்தப் படத்துக்கும் விடமாட்டார்கள். வாதாட வேண்டாம், ஒளியும் ஈரமூச்சும் பட்டுப்பட்டுத்தான் நிறம் போகிறது. கருவறைக்குள் நின்று தாழ்ந்த குரலில் "ம்..." என்று இழுத்தால் அறை முழுக்கத் திரும்ப முழங்கும். அதற்குக் காவலரே வழிகாட்டுவார். சுவரைத் தொடாதீர்கள். பெயர் கிறுக்கினால் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்றரைக்கு ஏழடிப்பட்டம். அடிவாரத்திலிருந்து சில நூறு படிகள் ஏறி, முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் குறுகலான விளிம்பு வழியே போக வேண்டும். கம்பி வேலி உண்டு, இருந்தும் உயரத்துக்குப் பயப்படுபவர்கள் முகட்டோடு நின்றுகொள்ளலாம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர் இது. குகைக்குள் வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள். இவற்றுள் ஒன்றின் ஓரத்தில்தான் தமிழ்ப் பிராமி எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் கண்ணில் படும்.

நான்கு மணிக்குப் பிறகு ஏறத் தொடங்காதீர்கள். சீட்டு கவுன்டர் ஐந்துக்கு முன்பே மூடக்கூடும், இருட்டில் அந்த விளிம்பு வேண்டவே வேண்டாம். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். கூடு இருந்தால் சத்தம், புகை, வாசனைத் தைலம் மூன்றும் கூடாது.

திரும்பும் வழியில் சாலையோரம் கல்வட்டங்கள் தென்படும், பெருங்கற்காலப் புதைவிடங்கள். வண்டியை நிறுத்திப் பார்க்கலாம், மேலே ஏறி உட்காராதீர்கள்.

7. இரண்டாம் நாள் காலை: குடுமியான்மலை

இங்கே வெளிச்சக் கணக்கு தலைகீழ். இசைக் கல்வெட்டும் அதையொட்டிய மேலைக்கோயில் குடைவரையும் குன்றின் கிழக்குச் சரிவில் இருப்பதால் காலையில்தான் பார்க்க வேண்டும். ஏழரைக்கு வந்துவிடுங்கள்.

சிகாநாதசுவாமி கோயிலுக்குள் நுழைந்ததும் முன்மண்டபத் தூண்களில் பத்துத் தலை இராவணன், நரசிம்மம், குதிரை வீரர்கள் என்று ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். அவர்களைத் திரும்பும்போது பார்க்கலாம். முதலில் அலுவலகத்திலோ அர்ச்சகரிடமோ "மேலைக்கோயில், இசைக் கல்வெட்டு பார்க்கணும், சாவி வேணும்" என்று கேளுங்கள். பூசை நேரத்தில் கேட்டால் அரை மணி காக்க வேண்டும், பூசை முடிந்ததும் கேட்டால் உடனே ஆள் வருவார். கல்வெட்டு 7 பகுதிகளாக, 38 வரிகளில், பல்லவ கிரந்த எழுத்தில் இருக்கிறது. வாசிக்க முடியாது என்று விட்டுவிடாதீர்கள், ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கட்டம் கட்டியதுபோல அமைந்திருப்பது எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரியும். குன்றின் உச்சியில் 63 நாயன்மார் வரிசை. அதைக் கீழிருந்தே பார்க்க வேண்டும், ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் நல்லது.

இது வழிபாட்டில் உள்ள கோயில். அரைக்கால் சட்டையோடு வராதீர்கள்.

8. இரண்டாம் நாள் மாலை: திருமயம்

புதுக்கோட்டையில் மதியம் இளைப்பாறிவிட்டு, காரைக்குடிச் சாலையில் மூன்றுக்குத் திருமயம். ரயில் நிலையமும் இங்கே உண்டு. கோட்டையை முதலில் முடியுங்கள், சீட்டும் நேரக்கட்டுப்பாடும் அதற்குத்தான். உச்சியில் பீரங்கி, நாலாபுறமும் கண்மாய்கள். வழியில் பாறைச் சரிவில் உயரத்தில் ஒரு குடைவரை, உள்ளே லிங்கம். இரும்பு ஏணி வழியே ஒருவர் இறங்கிய பின் மற்றவர் ஏற வேண்டும். ஏணி நனைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

இறங்கி வந்தால் நாலரை, அடிவாரத்துச் சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்கள் அப்போது திறந்திருக்கும். பாறையிலேயே செதுக்கிய பெரிய பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கோட்டையை மட்டும் மதியத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

9. கொடும்பாளூரைச் சேர்ப்பதா?

சொந்த வண்டியில் திருச்சிக்கோ மதுரைக்கோ திரும்புபவர்கள் மட்டும் சேருங்கள். விராலிமலைக்குத் தெற்கே, திருச்சி - மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியது. மூன்றில் நிற்பவை இரண்டு கோயில்கள், முக்கால் மணி நேரம் போதும், ஏற்றம் இல்லை. பேருந்தில் வருபவர்களுக்கு அரை நாள் போய்விடும், நெடுந்தூர வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அப்படிச் சேர்ப்பதானால் குடுமியான்மலை முடிந்ததும் நேரே போய்விடுங்கள். திருமயத்தை மூன்றாம் நாளுக்கு விடுங்கள், எதிர்த்திசை.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ், 112 காவல். மேலே ஏறும்போது சிக்னல் எங்கே கிடைக்கிறது, எங்கே போகிறது என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். கால் பிசகினால் எத்தனை அடி திரும்பி வந்து கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.